கழிவு என்று சொன்னால் போதுமா?



கோழிப் பண்ணைகளுக்குப் பேர் போன மாநிலம் ஜொகூர். தெப்ராவ் நீரிணைக்கு அக்கரையில் உள்ள சிங்கப்பூருக்கும் இங்கிருந்து கோழி போகிறது. 2022 ஜூன் முதல் தேதி மலேசிய அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தபோது அங்கே கோழிச்சோற்றுக் கடைகள் பட்ட பாட்டைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கோழியும் முட்டையும் சந்தைக்குப் போய்விடுகின்றன. எச்சமும் கொழுப்பும் எங்கே போகின்றன?

அவற்றிலிருந்து எரிசக்தி எடுக்கலாம் என்பது புதிய செய்தி அல்ல. இந்தியக் கிராமங்களில் சாண எரிவாயு அடுப்பு பல்லாண்டுகளாக எரிகிறது. இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் கோழிப் பண்ணைக் கழிவை எரித்து மின்சாரம் தயாரிக்கும் நிலையம் 1992லேயே இயங்கத் தொடங்கியது. எடுக்க முடியுமா என்பது இன்று கேள்வியே அல்ல. எடுப்பதால் இயற்கைக்கு லாபமா நஷ்டமா என்பதே கேள்வி.

முதலில் எச்சத்தைப் பார்ப்போம். காற்றுப் படாமல் குவிந்து அழுகும் எச்சத்திலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவை விட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். மழையில் கரைந்து ஓடினால் அம்மோனியா ஆற்றில் கலக்கும். ஜொகூர் ஆறு இந்த மாநிலத்துக்கு மட்டும் குடிநீர் தரவில்லை; 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூரும் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை அதிலிருந்து எடுக்கலாம். ஆகவே, எச்சத்தை மூடிய தொட்டியில் புளிக்க வைத்து வாயு எடுப்பது இரட்டை நன்மை. மிஞ்சும் சேற்றுநீரில் தழைச்சத்து அப்படியே இருப்பதால் அது செடிக்கு உரமாகும். எரித்தாலோ தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பலில் மணிச்சத்தும் சாம்பல் சத்துமே மிஞ்சும்.

சிக்கலும் உண்டு. கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. அது அம்மோனியாவாக மாறி, வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களையே முடக்கிவிடும். அதனால் வேறு கழிவுகளோடு கலக்க வேண்டும். ஈர எச்சத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்; அதை லாரியில் வெகுதூரம் ஏற்றிச் சென்றால் கிடைக்கும் சக்தியை டீசலே தின்றுவிடும். பண்ணைக்குப் பக்கத்திலேயே தொட்டி இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும்.

அடுத்தது கொழுப்பு. இங்கேதான் கவனம் தேவை. சிங்கப்பூர் துவாசில் பின்லாந்தின் நெஸ்தே நிறுவனம் 2010ல் தொடங்கிய ஆலை, 2023 விரிவாக்கத்துக்குப் பின் ஆண்டுக்கு 26 லட்சம் டன் எரிபொருள் தயாரிக்கும் திறன் பெற்றது. பயன்படுத்திய சமையல் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் அதன் முக்கிய மூலப்பொருள்கள். விமானத்துக்கான எரிபொருளும் அங்கே தயாராகிறது. நல்ல முயற்சிதான். ஆனால், விலங்குக் கொழுப்பு எல்லாமே குப்பைக்குப் போகும் பொருளா?

இல்லை. சோப்பு, மெழுகுவர்த்தி, நாய் பூனைத் தீவனம் என்று அதற்குப் பழைய வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள். எரிபொருள் ஆலை கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டால் சோப்புக்காரர் எதைத் தேடிப் போவார்? பெரும்பாலும் செம்பனை எண்ணெயைத்தான். அந்தத் தேவைக்காக எங்கேனும் காடு அழிக்கப்பட்டால், விமானம் மிச்சப்படுத்திய கரியைக் காடு இழந்துவிடும். பாசிர் கூடாங்கின் எண்ணெய் ஆலைகளையும் செம்பனைத் தோட்டங்களையும் அன்றாடம் பார்க்கும் ஜொகூர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் விலங்குக் கழிவுகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. மாட்டு மூளை நோய் போன்ற அபாயம் உள்ள முதல் வகை, உணவுக்கோ தீவனத்துக்கோ ஆகாது. அதை எரிபொருளாக்குவதே சிறப்பு. மூன்றாம் வகைக்கு வேறு பயன்கள் உண்டு. இரண்டையும் 'கழிவு' என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பசுமை முத்திரை குத்துவது சரியாகாது.

தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த நம் பெரியவர்கள் சாணத்தைக் காய்கறிப் பாத்திக்குப் போட்டார்கள், வாசல் தெளித்தார்கள். அவர்களுக்கு அது கழிவே அல்ல. இனி ஒரு திட்டம் வரும்போது, இந்தப் பொருள் இதுவரை யாருக்குப் பயன்பட்டது, அவர்கள் இனி எதை நாடுவார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு கைதட்டலாம்.