நடுவில் நிற்கும் குரல்



பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1963-இல் வந்தது. அதன் ஸ்டீரியோ பதிப்பை ஹெட்ஃபோனில் கேட்டால் வாத்தியங்கள் இடது காதிலும் குரல்கள் வலது காதிலும் ஒலிக்கும். அவற்றை இரண்டு டிராக்கில் தனித்தனியே பதிந்ததே, பிறகு அளவு பார்த்து மோனோவாகச் சேர்ப்பதற்காகத்தான். அப்படியே ஸ்டீரியோவாகக் கேட்கும்போது நமக்குக் காது வலிக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதே அதற்கான அடிப்படையை எழுதி வைத்துவிட்டார். இடது, வலது இரண்டையும் கூட்டுங்கள். நடுவில் நிற்கும் குரல் ஓங்கிக் கேட்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். நடுவில் இருப்பது மறைந்து, பக்கங்களில் இருப்பது மிஞ்சும். ஸ்டீரியோவின் அகலம் என்பது இந்தக் கழித்த பாகம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். அதை ஏற்றினால் ஒலி விரியும், இறக்கினால் சுருங்கும், முழுக்க எடுத்துவிட்டால் மோனோ. பீட்டில்ஸ் பாட்டில் அதைப் பாதியாகக் குறைத்தாலே குரல் காதோரத்தை விட்டு உள்ளே வந்துவிடும்.

எஃப்.எம். ஸ்டீரியோவிலும் இதே கணக்குதான். கூட்டிய ஒலி முதன்மையாக வருகிறது. கழித்த ஒலி 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வருகிறது. சிக்னல் தேயும்போது இரைச்சல் முதலில் இந்தக் கழித்த பாகத்தைத்தான் பிடிக்கும். அதனால்தான் கார் ரேடியோ ஊர் எல்லை தாண்டியதும் மெல்ல மோனோவுக்கு இறங்கிவிடுகிறது.

பேலன்ஸ் வேறு விஷயம். அது இரண்டு பக்கத்தின் ஒலி அளவு. மீட்டரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஒரு பக்கம் தபேலா, மறுபக்கம் புல்லாங்குழல் என்றால் அளவு எப்படி ஒன்றாக இருக்கும்? பாடுகிறவர் நடுவில் நிற்கிறாரா என்று மட்டும் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய மோனோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் துல்லியமான சோதனை உண்டு. ஒரு சானலைத் தலைகீழாக்கி மற்றதோடு சேருங்கள். மிஞ்சும் ஒலி எந்த இடத்தில் மிகக் குறைகிறதோ அதுவே சரியான பேலன்ஸ். எவ்வளவு திருகினாலும் உயர்ந்த ஒலிகள் சிணுங்கிக்கொண்டே இருந்தால், டேப் ஹெட் சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஹெட் அருகிலுள்ள சின்னத் திருகைச் சரிசெய்து, மறுபடியும் பதிய வேண்டும். மென்பொருளில் அதை முழுதாகத் திருத்துவது கடினம்.

அகலத்தைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். ஹெட்ஃபோனில் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அளவு மீறினால் பாடகர் தூரத்துக்குப் போய்விடுவார். அதையே ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டால் விரித்துவைத்த வாத்தியங்கள் அமுங்கிப்போகும். சேமிப்பதற்கு முன் ஒருமுறையாவது மோனோவில் போட்டுக் கேளுங்கள். மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு காது சரியாகக் கேட்காதவர் வீட்டில் இருந்தால், அவருடைய ஸ்மார்ட்போன் அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’வை இயக்கிக் கொடுங்கள். இரண்டு பக்கத்து ஒலியும் சேர்ந்து அவருடைய நல்ல காதுக்கே வரும்.