வீட்டுக் கணினியில் தொலைந்த கணக்கை மீட்டல்



ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வீட்டுக் கணினி. இதில் தமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்பாரும் இருக்கலாம். இருக்கிறது, அந்தப் பெட்டிக்குள்ளேதான் அடைபட்டுக் கிடக்கிறது. பாட்டனார் எழுதிய நாடகக் கையெழுத்துப் படி, தந்தையாரின் சுரங்க வேலைச் சான்று, லைன் வீட்டு வாசலில் எடுத்த கல்யாணப் படம் ஆகிய யாவும் அங்கே உள்ளன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் இத்தகைய தாள்களை மறுபடி கேட்டுப் பெறுதல் எளிய செயல் அன்று. காகிதத்தைச் செல் அரிப்பதைக் கண்ட பிள்ளைகள், மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்பும் களைப்பிலும், அவற்றைப் படியெடுத்துக் கணினியிலே சேர்த்தனர். போற்றத்தக்க பணியே. ஆயினும் கணினியைத் திறக்கும் கடவுச்சொல்லை அறிந்தவர் வீட்டில் ஒருவரே. அவர் மறந்துவிட்டால் என் செய்வது? அயல்நாட்டில் இருந்தால்? காலமாகிவிட்டால்?

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகின்றோம். கடவுச்சொல் தெரியாத கணினியை ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றனர். கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் ‘பார்மட்’ செய்து, புத்தம் புதியதுபோல் ஆக்கித் தந்தார். கணினி திறந்தது. மறைந்த தந்தையின் குரற்பதிவு ஒன்று உள்ளே இருந்தது, அது போயிற்று. கடைக்காரரும் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்; கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதை இவர்களும் சொல்லவில்லை. “திறந்து கொடுங்கள்” என்பது வேறு, “உள்ளே இருப்பதைக் காப்பாற்றிக் கொடுங்கள்” என்பது வேறு. இந்த வேற்றுமையை விளக்கவே இன்று பேச வந்தோம்.

பயனர் கணக்கு என்பது ஒரு பெயரும் அதற்குரிய பூட்டும் ஆகும். படங்களும் ஏடுகளும் வேறோர் இடத்தில், வன்தட்டில் உள்ளன. விண்டோஸ் கணினியில் ‘சி’ எனப் பெயரிட்ட பகுதியில் ‘யூசர்ஸ்’ என்றோர் அடைவு உண்டு. அதனுள் ஒவ்வொருவர் பெயரிலும் ஓர் அறை உண்டு. சாவி தொலைந்ததனால் அறையிலுள்ள பொருள் தொலைந்துவிடாது. கதவைத் திறக்கிறோம் என்று வீட்டையே இடித்தால்தான் தொலையும்.

கடவுச்சொல்லின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1960களின் தொடக்கத்தில், கார்பட்டோ என்னும் அறிஞரின் குழுவினர் பலர் கூடிப் பயன்படுத்தும் கணினி முறை ஒன்றை அமைத்தனர். ஒருவர் ஏட்டை மற்றொருவர் பார்க்கலாகாது என்று ஆளுக்கொரு சொல் வைத்தனர். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய சொற்களும் அடங்கிய ஏட்டையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டும் களவும் ஏறக்குறைய உடன்பிறந்தவை எனலாம். சொல்லைச் சொல்லாகவே எழுதி வைத்ததால் வந்த வினை அது. இன்றைய கணினி அவ்வாறு செய்வதில்லை. நம் ஊர் ஆலையிலே கல்லை அரைத்ததுபோல் அது சொல்லை அரைத்துப் பொடியை மட்டும் வைத்துக்கொள்கிறது. நாம் மீண்டும் ஒரு சொல்லை இடும்போது அதையும் அரைத்து, பொடியோடு பொடியை ஒப்பிட்டுப் பார்க்கிறது. சயனைடு மண்மேட்டைக் கொண்டு பழைய பாறையை மீண்டும் ஆக்க முடியுமோ? ஆதலின் “பழைய சொல் எது?” என்று கேட்பதிற் பயனில்லை, புதிய சொல்லை வைப்பதற்கே வழி தேட வேண்டும்.

அவ்வழி கணக்கின் வகையைப் பொறுத்தது. நுழைவுத் திரையிலே மின்னஞ்சல் முகவரி தோன்றினால் அது பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கணக்காகும். வேறொரு கைப்பேசியிலிருந்தே மைக்ரோசாப்டின் தளத்திற் சென்று சொல்லை மாற்றலாம்; முன்பு பதிந்து வைத்த கைப்பேசி எண்ணுக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடு வரும். இங்கேதான் நம் வீடுகளில் இடர். பழைய சிம் என்றோ போயிருக்கும். பதிந்த எண், மின்னஞ்சல் யாவற்றையும் மாற்ற வேண்டி வந்தால், முப்பது நாள் காத்திருக்க நேரும். காத்திருங்கள். நாற்பதாண்டு கழிந்த படத்துக்கு முப்பது நாள் பெரிதன்று. நான்கு இலக்கப் ‘பின்’ எண்ணை மட்டும் மறந்தவர்க்கு அஞ்ச வேண்டியதில்லை. கணக்கின் கடவுச்சொல் தெரிந்தால் புதிய எண் வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு அந்தக் கணினிக்கு மட்டும் உரியதாயின் வேறு வழி. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதலாக, அத்தகைய கணக்கைத் தொடங்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை பெற்று வைக்கின்றனர். தவறான சொல்லை ஒருமுறை இட்டால் ‘மீட்டமை’ என்னும் வழி கீழே தோன்றும். மூன்றுக்கும் விடை சரியாயின் புதுச் சொல் வைக்கலாம். “பிறந்த ஊர்?” என்பது அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். உரிகம் என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சுரங்கக் கம்பெனி கொண்ட எழுத்து ஒருவகை, இரயில் நிலையப் பலகையில் உள்ள எழுத்து மற்றொரு வகை. இரண்டையும் முயன்று பாருங்கள்! வீட்டில் மற்றொருவருக்கு நிர்வாகி உரிமையுள்ள கணக்கு அதே கணினியில் இருப்பின், அவரே புதிய சொல்லை அமைத்துத் தரலாம். ஆனால் விண்டோஸ் வழியே தனித்தனியாக மறையாக்கம் செய்த கோப்புகள் இருந்தால் அவை திறவாமற் போகும்.

சில வேளை சொல் சரியாகவே இருக்கும். உள்ளே நுழைந்தால் திரை வெறுமையாயிருக்கும். ‘தற்காலிகக் கணக்கில் நுழைந்துள்ளீர்’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பும் வரும். தாய்மார்கள் இதைக் கண்டு அழுததுண்டு. பொருள் போய்விடவில்லை. கணினி உரிய அறையைக் காணாமல் வேறோர் அறைக்கு நம்மை அழைத்துச் சென்றுள்ளது. அங்கே எதையும் எழுதிச் சேமிக்காதீர்கள். வெளியேறியதும் அது அழிந்துபடும். மூடித் திறந்து பாருங்கள். சரியாகவில்லையெனில், தெரிந்தவரைக் கொண்டு புதிய கணக்கு ஒன்று தொடங்கி, ‘யூசர்ஸ்’ அடைவிலுள்ள பழைய அறையிலிருந்து ஏடுகளைப் பென்டிரைவிற் படியெடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கை நீக்கும் எண்ணம் அதற்கு முன்னர் வேண்டா. கணக்கை நீக்கினால் அதன் ஏடுகளும் உடன் நீங்கும்.

எவ்வழியும் இல்லாதபோது, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவினால் கணினியை இயக்கி, வன்தட்டிலுள்ளதைப் படியெடுப்பார் உளர். கடைக்குச் செல்வோர் இதையே முதலிற் கேட்க வேண்டும். பழைய கணினிகளில் இது பெரும்பாலும் கைகூடும். புதியவற்றில் ஐயமே. வன்தட்டு முழுவதையும் மறையாக்கும் ‘பிட்லாக்கர்’ போன்ற ஏற்பாடு, 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதலாக, புதிதாக அமைக்கும் பல கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கு 48 இலக்க மீட்பு எண் உண்டு. பெரும்பாலும் அது உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். அந்த எண்ணும் இல்லை, கணக்கும் இல்லையென்றால், எந்த வல்லுநராலும் ஆவதொன்றில்லை. திருடனுக்கு எதிராகக் கட்டிய சுவர், மனைவி மக்களை அடையாளம் அறியாது.

1930ஆம் ஆண்டிலே இத் தங்கவயலில், தொழிலாளரின் விரல் ரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அன்று ரேகை தர மறுத்தவர்களின் கொள்ளுப்பேரர் இன்று அதே விரலை வைத்து மடிக்கணினியைத் திறக்கின்றனர். கம்பெனியின் ஏட்டுக்குச் சென்ற ரேகை வேறு, தம் பெட்டிக்குள்ளேயே தங்கும் ரேகை வேறு, குறை கூறவில்லை. ஆனால் விரல் உரியவரோடு சென்றுவிடும். எனவே இளைஞர்களே, இன்றிரவே மூன்று காரியம் செய்யுங்கள். அந்த 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதுங்கள். கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் உடன் எழுதி உறையிலிட்டு, ரேஷன் அட்டையும் வீட்டுத் தாள்களும் இருக்கும் பெட்டியிலே வைத்து, அம்மாவிடம் சொல்லுங்கள். பதிந்துள்ள கைப்பேசி எண் இன்று உயிருடன் உள்ளதா என்று பாருங்கள். படங்களையும் சான்றுகளையும் தனியே ஒரு வன்தட்டிற் படியெடுத்து, அதை அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே பூட்டுண்ட கணினி வீட்டில் இருப்பின், யாரிடமும் கொடுத்து அழித்துவிடாமல் நம்மிடம் சொல்லுங்கள். கூட்டம் முடிந்த பின்னர் சிறிது நேரம் வாயில் அருகே இருப்போம்.