கட்டிலருகே ஒரு கல்விக்கூடம்

மருத்துவக் கல்வி நூல்களிலே தொடங்கலாம். அது நிறைவு பெறும் இடம் நோயாளியின் கட்டிலே ஆகும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் நடத்திக் காட்டிய பேராசான் ஒருவர் தமிழகத்தில் இருந்தார். அவரே டாக்டர் கே. வி. திருவேங்கடம். 1926-ஆம் ஆண்டிற் பிறந்து 2013-இல் மறைந்த அவர், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் ஆசிரியராக விளங்கினார். 1981-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. மாணாக்கரோ அவரைக் 'கே.வி.டி.' என்னும் மூன்றெழுத்தாலேயே அன்புடன் போற்றினர். ஓய்வு பெற்ற பின்னரும் அவர் கற்பிப்பதை விட்டாரில்லை.

கட்டிலருகே கற்பித்தல் என்பது யாது? நோயாளி கூறுவதைக் குறுக்கிடாது கேட்டல், பின்பு கண்ணாற் காணல், கையால் தொட்டறிதல், விரலால் தட்டிப் பார்த்தல், இறுதியாக ஒலியைக் கேட்டறிதல். மதுப்பீப்பாயைத் தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு இருக்கிறதென அறியும் வழக்கத்தை இளமையிற் கண்ட ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர், மார்பையும் அவ்வாறே தட்டி ஆராயும் முறையை 1761-இல் வெளியிட்டார். பிரெஞ்சு மருத்துவர் லேன்னெக் 1816-இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டார். இவற்றையெல்லாம் கற்பிக்க மாணாக்கரை நோயாளியின் பக்கத்திற்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வற்புறுத்தியவர் வில்லியம் ஆஸ்லர்.

இத்தகைய கல்விக்கு அமைதியும் அவகாசமும் வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவிலோ அவகாசம் என்பதே இல்லை. அங்கே இக்கல்வியால் ஆவதென்ன என்று அன்பர்கள் வினவக்கூடும்.

ஆஸ்துமா, ஒவ்வாமை ஆகியவற்றில் கே.வி.டி. தனி ஈடுபாடு கொண்டிருந்தார். அந்த ஆஸ்துமாவையே எடுத்துக்கொள்வோம். மூச்சுத் திணறலோடு ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். மார்பில் 'வீசிங்' என்னும் சீழ்க்கை ஒலி கேட்கிறது. சற்று நேரத்தில் அவ்வொலி அடங்கிவிடுகிறது. அனுபவமில்லாதவர், நோய் தணிந்தது என மகிழ்வார். கட்டிலருகே பழகிய மருத்துவரோ நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். அவர் ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல இயலாமல் சொல் சொல்லாகத் திக்குகிறாரா, சோர்ந்து கண் செருகுகிறாரா என்று நோக்குவார். ஒலி எழுப்பும் அளவிற்குக்கூடக் காற்று உள்ளே செல்லவில்லை என்பதையே அம்மௌனம் உணர்த்தக்கூடும். அஃது உயிருக்கே ஆபத்தான நிலை. நிதானமாகக் கற்ற கண்ணே அந்த ஒரு நிமிடத்தில் உயிர் காக்கிறது.

அவசர மருத்துவம் தனித்துறையாக மலர்ந்தது அண்மையிலேதான். 1961-இல் அமெரிக்காவின் அலெக்ஸாண்டிரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் தம் சொந்தத் தொழிலை விட்டு, இரவும் பகலும் அவசரப் பிரிவிலேயே பணியாற்ற முன்வந்தனர். நம் நாட்டில் இந்திய மருத்துவக் கழகம் இதனைத் தனி மேற்படிப்பாக ஏற்றது 2009-இல். இத்துறையின் ஆசிரியர் இரட்டைக் கடமை உடையவர். ஒரு கை சிகிச்சை செய்ய, வாய் மாணாக்கருக்குக் காரணம் கூற வேண்டும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் வேறொன்றும் புலனாகிறது. நோயாளியின் சொல்லே முதற் சான்று. அச்சொல் மருத்துவரின் மொழியில் இல்லையாயின் என் செய்வது?

பாலக்காட்டு மாவட்டம் சிற்றூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையை நோக்குவோம். அங்கே தமிழ் பேசுவோர் மிகுதி, ஆட்சிமொழி மலையாளம். ஒருபுறம் பாலக்காடு, மறுபுறம் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என மருத்துவமனைகள் இரு மாநிலங்களில் உள்ளன. அவ்வூர்த் தமிழர் 'மயக்கமா இருக்குதுங்க' என்றால் தலைசுற்றலையோ, நினைவு தப்புவதையோ குறிப்பார். மலையாளத்தில் மயக்கம் என்பது பெரும்பாலும் உறக்கம் போன்ற கிறக்கத்தையே சுட்டும். அவ்வூரார் ஒருவர் பிழைப்பிற்காகத் தில்லி சென்றாரென வைத்துக்கொள்வோம். வாந்தி என்னும் பொருளில், தாம் அறிந்த மலையாளச் சொல்லாகிய 'சர்த்தி' என்பதைச் சொன்னால், இந்தி மருத்துவர் அதனைச் சளி எனக் கொள்வார். நெஞ்செரிச்சல், வாயு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் வேதனை, சில வேளைகளில் மாரடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். நீரிழிவு உடையாருக்கு வலியே இன்றி வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் தோன்றுவதுண்டு. அங்கே ஒரு சொல் பிறழ்ந்தால் காலம் வீணாகும். காலம் வீணானால் இதயத்தசை மடியும்.

ஆதலின், பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குச் சில கூற விழைகிறோம். நோயின் பெயரைத் தாமே சூட்டாது, உற்றதை உற்றவாறு கூறுக: எப்போது தொடங்கிற்று, எவ்விடத்தில், எங்குப் பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. சொல் வராவிடின் இடத்தைக் கையால் காட்டுக. உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், பழைய நோய்கள் ஆகியவற்றை அவ்வூர் மருத்துவர் படிக்கும் எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்க. வீட்டிலுள்ள முதியோருக்கும் அவ்வாறே ஒரு தாள் எழுதிக் கொடுக்க. அவசர உதவிக்கு நாடெங்கும் உரிய எண் 112. பல மாநிலங்களில் ஆம்புலன்ஸ் ஊர்திக்கு 108.

கருவிகள் பெருகிய இக்காலத்தும் நோயாளியின் வாய்மொழியைக் கேட்கும் செவிக்கு ஈடாக ஒன்று தோன்றவில்லை. அச்செவியை மாணாக்கருக்கு அளிப்பது ஆசிரியரின் கடன். உண்மையைத் தெளிவாக உரைப்பது நம் கடன். இவ்விரண்டும் கூடுமிடத்தில், மொழி வேறாயினும் உயிர் பிழைக்கும்.