நினைவூட்டுதலும் ஒரு தொண்டே

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் குடல் நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று சிலர் எண்ணக்கூடும். நம் சங்கத்தார் தொடக்க நாள்களில் செய்த பணியை நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கிவிடும். உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் எது, தேர்வுக் கட்டணம் கட்டவேண்டிய நாள் எது என்பவற்றை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார்கள். பதில் வராத வீடுகளுக்கு இரவில் நடந்தே சென்று மீண்டும் சொன்னார்கள். உதவித்தொகை நம் பிள்ளைகளுக்கு உரியதாகத்தான் இருந்தது. ஆயினும், நாள் தெரியாமையால் அதனை இழந்தவர் எத்தனை பேர்! உரிமை ஏட்டில் இருப்பது வேறு. அது நம் கைக்கு வந்து சேர்வது வேறு. இவ்வுண்மை மருத்துவத்திற்கும் முற்றிலும் பொருந்தும் என்பதையே இன்று கூற விரும்புகின்றேன்.

பெருங்குடலின் உட்சுவரில் சிறு சதை வளர்ச்சிகள் சிலருக்குத் தோன்றுவது உண்டு. மருத்துவர்கள் இவற்றைப் பாலிப் என்பர். இவற்றுள் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. ஒரு சில மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து, பத்தாண்டுகள் அளவிலோ அதற்கு மேலுமோ சென்றபின், புற்றுநோயாக மாறுகின்றன. அதுவரை வலியும் இராது. வேறு அறிகுறியும் பெரும்பாலும் இராது. இந்த நீண்ட இடைவெளியே மனிதனுக்குக் கிடைத்திருக்கும் நல்வாய்ப்பாகும். 1969ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவர்களாகிய வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் இருவரும், வயிற்றை அறுக்காமல் குடல்நோக்கிக் கருவியின் வழியாகவே பாலிப்பை அகற்றும் முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தனர். பாலிப்பை அகற்றிவிட்டால், அது புற்றுநோயாக மாறும் வழி அடைபட்டுப் போகின்றது.

நோயில்லாதவர்போல் நடமாடும் ஒருவருக்குப் பாலிப் இருப்பதை அறிவது எங்ஙனம்? மலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிலேயே சிறு குச்சியால் சிறிதளவு எடுத்து, குழாயிலிட்டு அஞ்சலில் அனுப்பினால் போதும். இரத்தம் இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் குடல்நோக்கிச் சோதனை செய்யப்படும்.

இத்துணை எளிய சோதனையாக இருந்தும் மக்கள் அதனைச் செய்து கொண்டார்களா? இல்லை. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவத் துறையே சோதனைப் பொருள்களை வீட்டுக்கு இலவசமாக அனுப்பி வருகின்றது. தொடக்க ஆண்டுகளில், மிக வசதியான பகுதிகளில் வாழ்ந்தோருள் 100க்கு 61 பேர் சோதனை செய்துகொண்டனர். மிக வறிய பகுதிகளில் 100க்கு 35 பேரே செய்துகொண்டனர். விலை ஒன்றுமில்லை, அஞ்சல்காரர் எல்லா வீட்டுக்கும்தான் கொண்டு சென்றார். எனினும் ஏழைகள் பின்தங்கினர்.

இந்த இடைவெளியைக் குறைக்க அந்நாட்டில் நான்கு வழிகளை ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். எளிய நடையில் எழுதிய சிறு வெளியீடு, சோதனை செய்துகொண்டவர்களின் அனுபவக் கதைகள், குடும்ப மருத்துவரின் பரிந்துரை, சற்று அழுத்தமாக எழுதிய நினைவூட்டுக் கடிதம் என்பவை அந்நான்கு. ஏழைக்கும் செல்வர்க்கும் இடையிலான வேறுபாட்டைச் சிறிதேனும் குறைத்தது அந்த நினைவூட்டுக் கடிதம் ஒன்றே. பயன் சிறிதுதான், மிகைப்படுத்திக் கூறுவதற்கில்லை. ஆயினும் அது வறிய பகுதிகளிலேயே மிகுதியாக விளங்கிற்று என்பது நம் சிந்தனைக்குரியது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஃபோர்ட் வொர்த் நகரில், காப்பீடு இல்லாத ஏழை மக்கள் ஏறத்தாழ 6,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. மருத்துவமனைக்கு வரும்போது மட்டும் சொல்லப்பட்டவர்களுள் 100க்கு 12 பேர் சோதனை செய்துகொண்டனர். சோதனைப் பொருளை வீட்டுக்கே அனுப்பி, தொலைபேசியிலும் நினைவூட்டியபோது, 100க்கு 40 பேருக்கு மேல் செய்துகொண்டனர். அக்கறையின்மை ஏழைகளின் இயல்பு என்று கூறுவோர்க்கு இதைவிட வேறு மறுமொழி வேண்டுவதில்லை.

நம் சமுதாயத்தார் சிறப்பாக அறியவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வெள்ளையரைவிடக் குடற் புற்றுநோயால் மிகுதியாக இறந்து வந்தனர். இதனை அவர்களுடைய பிறப்பின் மேலும் உணவின் மேலும் ஏற்றிப் பேசியவர் பலர். வட கலிஃபோர்னியாவிலுள்ள கைசர் பெர்மனென்ட்டி என்னும் மருத்துவ நிறுவனம் 2006க்குப் பிறகு தன் உறுப்பினருள் உரிய வயதினர் அனைவர்க்கும் ஆண்டுதோறும் இச்சோதனைப் பொருளை அனுப்பத் தொடங்கியது. திருப்பி அனுப்பாதவர்க்குக் கடிதம், தொலைபேசி என்று அடுத்தடுத்து நினைவூட்டியது. ஒருவர் வேறு நோய்க்காக வந்தாலும், அவருடைய சோதனை நிலுவையில் இருப்பது மருத்துவரின் கணிப்பொறித் திரையில் தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் 100க்கு ஏறத்தாழ 40 பேர் என்றிருந்த சோதனை அளவு, பின்னர் 80ஐ எட்டியது. கறுப்பினத்தார்க்கும் வெள்ளையர்க்கும் இடையே இந்நோயால் ஏற்பட்ட இறப்பு வேறுபாடு ஒரு லட்சம் பேருக்கு 21.6 ஆக இருந்தது. 2019ஆம் ஆண்டில் 1.6 ஆகக் குறைந்தது. அம்மக்களின் பிறப்பு மாறவில்லை. அவர்களை ஒருவர் விடாமல் தேடிச் சென்ற முறையே புதியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நினைவூட்டல் மட்டுமே இவ்வெற்றியைத் தரவில்லை. சோதனையில் குறை தெரிந்தவர்க்குக் குடல்நோக்கிச் சோதனையும், அறுவை மருத்துவமும் இன வேறுபாடின்றிக் கிடைத்தன. நினைவூட்டி அழைத்துவிட்டு மருத்துவமனைக் கதவை அடைத்து வைத்தால், அது ஏமாற்றே ஆகும். ஆதலால் அழைப்பும் வேண்டும். அழைக்கப்பட்டவர்க்கு இடமும் வேண்டும். இரண்டையும் கேட்டுப் பெறுவது நம் கடமை.

நம் நாட்டில் குடற் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவே. அதற்கென வீடுதோறும் சோதனை செய்யும் தேசியத் திட்டம் இங்கு இல்லை. ஆயினும் மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டு கடையில் மருந்து வாங்கி உண்பது பெருந்தவறு. மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும்.

அன்றியும், 30 வயது கடந்தோர்க்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றிலும் புற்றுநோய்க் குறி உண்டா என்று பார்க்கும் அரசுத் திட்டம் நம் நாட்டில் உள்ளது. வாயும் செரிமானப் பாதையின் தொடக்கமே அன்றோ? புகையிலை மெல்வோர் வாயில் தோன்றும் வெண்திட்டும், வாயை அகலத் திறக்க இயலாத இறுக்கமும், பாலிப்பைப் போலவே புற்றுநோய்க்கு முற்பட்ட நிலைகளாகும். இவற்றைக் காணக் கருவியும் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும்.

இளைஞர்களே, உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குறிப்பேடு வையுங்கள். 30 வயது கடந்தோர் யாவர், கடைசியாகச் சோதனை செய்துகொண்ட நாள் எது, அடுத்த நாள் எது, குறை கண்டவர் பெரிய மருத்துவமனைக்குச் சென்றாரா என்னும் நான்கையும் எழுதுங்கள். நாள் நெருங்கும்போது, “பெரியம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள், நானும் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். ஒருமுறை சொல்லி வராவிட்டால் சலிப்படையாதீர்கள். அன்றாடக் கூலியை இழந்து வரவேண்டியவருக்கு மறதியைவிடப் பெரிய தடைகள் உண்டு, அவற்றைக் கேட்டறியுங்கள். ஒருவரின் நோயைப் பற்றிய செய்தி இன்னொருவர் காதுக்குப் போகாமல் காப்பதும் உங்கள் பொறுப்பே.

அன்று அஞ்சலட்டை பெற்றுப் படித்தவர்கள் பலர் இன்று இந்த அவையில் பணியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வீற்றிருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர்க்கும், அவர்களுக்கும் இப்போது வயது ஏறி வருகின்றது. அன்று அவர்களைத் தேடிச் சென்ற சங்கம் இன்று அவர்களுடைய உடல்நலத்திற்காகவும் தேடிச் செல்லுமாக என்று வேண்டுகின்றேன்.