பழவேற்காட்டுக் கல்லறைகள்
(கும்மிடிப்பூண்டியில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



பழவேற்காட்டில் டச்சுக்காரர் இடுகாடு ஒன்று இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதன் வாசலில் இரு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் அங்கே போகிறோம் என்றதும் ஒரு நண்பர், "உச்சி வேளையில் போகாதீர்கள், ஏதாவது அடித்துவிடும்" என்றார். போனோம், வெயில்தான் அடித்தது.

அந்த எலும்புக்கூடு பேயல்ல. பணக்காரனும் ஏழையும் கடைசியில் இதுதான் என்று காட்ட வைத்த உருவம். அலெக்சாண்டர் ரீ என்ற தொல்பொருள் அதிகாரி சென்னை மாகாணத்து டச்சுக் கோட்டைகளையும் கல்லறைகளையும் ஆராய்ந்து 1897இல் புத்தகமே வெளியிட்டார். அவரைப் பேய் பிடித்ததாகத் தகவல் இல்லை!

அந்தக் கல்லில் செத்தவன் பெயர், உத்தியோகம், இறந்த தேதி எல்லாம் வெட்டியிருக்கிறது. நமது ஸ்தல புராணங்களோ யுகத்துக்கு இத்தனை லட்சம் வருஷம் என்று அளக்கும். கோயிலைக் கட்டிய கொத்தன் பெயரை மட்டும் சொல்லாது.

இதனால் நாம் வெள்ளைக்காரனைப் புகழ்வதாக நினைத்துவிடாதீர்கள். சாவில் எல்லோரும் சமம் என்று வாசலில் காட்டியவன், உள்ளே கல்லின்மேல் குலச் சின்னத்தைப் பொறித்துக்கொண்டான். அது அவன் ஊர்ப் பூணூல். 1613இல் கெல்டிரியா கோட்டையை அமைத்து, நம் நெசவாளி நெய்த துணியைக் கப்பலேற்றினான். 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் கஞ்சிக்கில்லாத ஜனங்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் அனுப்பினான். அவர்களுக்குக் கல் ஏது? பெயர் ஏது?

அங்கே பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ் நம் நாட்டு மதத்தைப் பற்றி எழுதிய புத்தகம், அவர் இறந்தபின் 1651இல் ஹாலந்தில் வெளிவந்தது. அவருக்கு விஷயம் சொன்னவர் பத்மநாபன் என்ற பார்ப்பனர். பறையரையும் நெசவாளியையும் கேட்டிருந்தால் வேறு புத்தகமல்லவா வந்திருக்கும்?

1690இல் டச்சுக்காரர் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கோட்டை இன்று மண்மேடும் புதருமாகக் கிடக்கிறது. கல்லறைகளை மத்தியத் தொல்லியல் துறை காக்கிறது. காக்கட்டும்.

ஆனால் நம் கிராமத்துச் சுடுகாடுகளை அளந்து எழுதுவது யார்? சிப்காட் ஆலையில் ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள், செத்தால் வேறு வேறு சுடுகாட்டுக்குப் போகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றனவே! வாலிபர்கள் ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பழவேற்காட்டில் பழகுங்கள். பிறகு உங்கள் ஊரில் எந்தச் சாதிக்கு எந்தச் சுடுகாடு, எதற்குப் பாதையும் கொட்டகையும் உண்டு, எந்தப் பிணம் வயல் வரப்பில் போகிறது என்று தேதி போட்டு எழுதி நமக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.