திரையில் எழுத்துத் தோன்றாதபோது



கணினியில் ஒரு தமிழ்க் கட்டுரையைத் திறக்கிறோம். எழுத்துகள் நிற்க வேண்டிய இடத்தில் வெறுங் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. கட்டுரை கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடுவோர் உண்டு; கணினியின் இயங்குதளத்தையே புதிதாக நிறுவுவோரும் உண்டு. இரண்டும் வேண்டாத செயல்கள். கட்டம் தோன்றினால் கட்டுரை பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. அதைக் காட்டும் ஏற்பாட்டில்தான் குறை. அக்குறையை முறையாகத் தேடும் வழியை, லினக்ஸ் கணினியைச் சான்றாகக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

ஓர் அச்சுக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆசிரியரின் கையெழுத்துப் படி இருக்கிறது. அச்செழுத்துப் பெட்டிகள் இருக்கின்றன. எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்று சொல்ல ஒரு மேற்பார்வையாளரும், எடுத்து அடுக்க ஓர் அச்சுக்கோப்பவரும் இருக்கின்றனர். கணினியிலும் இந்நான்கும் உண்டு. கட்டுரைக் கோப்பில் இருப்பவை எழுத்தின் வடிவங்கள் அல்ல, எண்களே. யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ககரத்தின் எண் 2965. அவ்வெண்ணுக்கு உரிய வடிவம் எழுத்துரு என்னும் வேறொரு கோப்பில் உள்ளது. எந்த எழுத்துரு என்று முடிவு செய்வது ஃபான்ட்கான்ஃபிக் என்னும் அமைப்பு. வடிவங்களை முறைப்படி கோப்பது ஹார்ஃப்பஸ் போன்ற மென்பொருள்.

இவ்வேற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் என்னும் சாளர முறை தோன்றியது. அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அம்முறையில் திரையை ஆளும் எக்ஸ் சேவையகமே எழுத்துருக்களையும் ஆண்டது. ஓர் எழுத்துருவின் முழுப்பெயர் 14 பகுதிகளைக் கொண்டது. எழுத்துருக்கள் உள்ள அடைவில் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையேல், வட்டில் இருக்கும் எழுத்துருவும் இல்லாததற்குச் சமமே. ‘ஃபிக்ஸ்டு’ என்ற அடிப்படை எழுத்துரு அகப்படாவிட்டால் சேவையகம் தொடங்கவே மறுத்துவிடும். கண்டிப்பு மிகுதிதான், ஆயினும் குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிடும் கண்டிப்பு அது.

பின்னர் கீத் பாக்கார்டு என்னும் அறிஞர் உருவாக்கிய ஃபான்ட்கான்ஃபிக், இதற்கு நேர்மாறான இயல்புடையது. இல்லை என்ற சொல்லை அது அறியாது. நாம் கேட்ட எழுத்துரு இல்லையெனில், மொழி, தடிமன், சாய்வு முதலியவற்றை ஒப்பிட்டு, இருப்பவற்றுள் நெருங்கியதை எடுத்துக் கொடுத்துவிடும். மாற்றிக் கொடுத்ததைச் சொல்லாது. அன்றாட வேலைக்கு இது பெரும் உதவி. பழுது பார்ப்பவனுக்கோ இதுவே திகைப்பு. எக்ஸ் முறைக்குப் பதிலாக வேலண்டு வந்துள்ள கணினிகளிலும் இப்பணியைச் செய்வது ஃபான்ட்கான்ஃபிக்கே. ஆதலால் நாம்தாம் அதனிடம் கேள்வி கேட்டுப் பழக வேண்டும்.

முதற்கேள்வி: தமிழ் எழுத்துரு உண்டா? ‘எஃப்சி-லிஸ்ட்’ என்னும் கட்டளைக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்தால், தமிழ் தாங்கும் எழுத்துருக்களை அது வரிசையாகக் காட்டும். ஒன்றும் வரவில்லையெனில் லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவினால் போதும்.

இரண்டாம் கேள்வி: நிறுவிய எழுத்துரு பட்டியலில் ஏறியதா? தவறான அடைவில் இட்டிருக்கலாம். கோப்பைப் படிக்கும் உரிமை இல்லாதிருக்கலாம். இவற்றைச் சரிசெய்து, ‘எஃப்சி-கேஷ்’ கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்து, திறந்திருந்த செயலியை மூடித் திறக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எது தேர்ந்தெடுக்கப்பட்டது? நாம் விரும்பும் பெயரை ‘எஃப்சி-மேட்ச்’ கட்டளையிடம் கொடுத்தால், உண்மையில் கிடைக்கப்போவது எது என்று அது சொல்லிவிடும். வேறு பெயர் வந்தால் விதிக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். அவற்றின் பெயர்கள் எண்களில் தொடங்கும். அவ்வெண் வரிசையிலேயே அவை படிக்கப்படும். பொது விதியைத் திருத்தாமல், நமக்கென உள்ள அடைவில் தனி விதி எழுதுவதே நன்று.

நான்காம் கேள்வி: கோப்பது ஒழுங்காக நடக்கிறதா? ‘கொ’ என்பதில் ககரத்தின் எண்ணும், அதன்பின் 3018 என்ற உயிர்க்குறியின் எண்ணும் உள்ளன. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். குறி இடம் மாறியோ புள்ளி வட்டத்துடனோ நின்றால், எழுத்துருக்களை மேலும் மேலும் சேர்ப்பதால் பயனில்லை. செயலியையே ஐயுற வேண்டும்.

கட்டம் அல்லாத வேறு இரு அறிகுறிகளும் உண்டு. தமிழுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றினால், அது பழைய குறியீட்டில் எழுதப்பட்ட கட்டுரையாக இருக்கக்கூடும். முன்னாளில் பல எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தன. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் எழுதிய கோப்புகள் இன்னும் எத்தனையோ வீடுகளிலும் அலுவலகங்களிலும் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால் உயிர்பெறும். வினாக்குறிகள் மட்டுமே தோன்றினால், சேமிக்கும்போதே எண்கள் அழிந்திருக்கலாம். அப்போது நாட வேண்டியது மூலப்படியையே.

இவ்வேறுபாட்டை அறியாதவர், மீட்கக்கூடியதை அழித்துவிடுகிறார். மீட்க முடியாததற்காக நாட்களைச் செலவிடுகிறார். தாத்தாவின் நினைவுக் குறிப்பாயினும், ஊர்ச் சங்கத்தின் பழைய நடவடிக்கைப் பதிவாயினும், ஒரு முறை அழிந்தால் மறுபடி எழுதித் தருவார் யார்?

ஆகவே நண்பர்களே, முதலில் மூலத்துக்கு ஒரு படி எடுத்து வையுங்கள். ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். படியும் பெட்டியும் தேர்வும் கோப்பும் ஆகிய நான்கையும் தனித்தனியே சோதியுங்கள். எங்கே குறை என்று தெரிந்த பின்னரே கைவையுங்கள்.