சோலைக்கிளியை இனங்காணும் கலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில், புல்வெளிகளுக்கு நடுவே பள்ளத்தாக்கின் மடிப்புகளை ஒட்டித் தழைத்திருக்கும் சோலைக்காடுகளின் நிழலடர்ந்த புதர்களில் பூச்சிகளைத் தேடித் திரியும் சோலைக்கிளி, பெயரளவில் கிளியாயினும், ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பாடும் பறவையே ஆகும். இதன் வகைப்பாட்டு வரலாறு, ஓர் உயிரினத்தைச் சரிவர இனங்காண எத்தனை வகைச் சான்றுகளும் எவ்வளவு பொறுமையும் வேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1844ஆம் ஆண்டில் நீலகிரியில் வாழும் சோலைக்கிளியை விவரித்தார். பழனி மலைப் பறவை 1868இல் விவரிக்கப்பட்டது. நீலகிரிப் பறவையின் விலாப்புறம் செம்பழுப்பாக இருக்க, பழனிப் பறவைக்கு அந்நிறம் இன்றி வயிறு மட்டும் வெண்மையாக அமைந்திருப்பதால், இறகு நிறமே இரண்டையும் பிரித்தறிய உதவுகிறது. எனினும், பிற்காலத்தார் இவ்விரண்டையும் நெடுங்காலம் ஒரே இனத்தின் துணையினங்களாக, அதாவது ஓரினத்துக்குள் அடங்கும் வட்டார வேறுபாடுகளாக, மதித்ததோடு, உடலமைப்பு ஒத்திருந்தமையால் ஆசியாவின் குட்டைச்சிறகன் பறவைகளின் பேரினத்திலும் சேர்த்தனர். நெருங்கிய இனங்களின் தொகுதியே பேரினம் எனப்படும்; ஒரே வகை வாழ்க்கை வாழும் பறவைகள், உறவு இல்லாதபோதும் ஒத்த உருவம் பெறக்கூடும் என்பதால், உருவ ஒற்றுமை மட்டும் பேரினத்தை நிறுவப் போதுமான சான்று ஆகாது.

இக்குறையை நீக்க, ஆய்வாளர் வி. வி. ராபினும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மலைதோறும் பாடல்களைப் பதிவுசெய்து ஒப்பிட்டதுடன், பறவைகளை மெல்லிய வலையில் பிடித்து, சிறிதளவு இரத்தம் எடுத்தபின் விடுவித்து, மரபணுக்களையும் ஆராய்ந்தனர். பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இப்பறவைக் கூட்டங்களை நெடுங்காலமாகப் பிரித்துவைத்துள்ளன என்பது அதனால் வெளிப்பட்டது. 2017இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, சோலைக்கிளிகளுக்குச் ‘சோலிகோலா’ என்னும் புதிய பேரினத்தை வகுத்து, செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வாழ்வதைத் தனி இனமாகவும் முன்வைத்தது.

இவ்வகைப்பாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. தேயிலையும் யூகலிப்டசும் சீகை மரமும் சோலைநிலத்தின் பல பகுதிகளைக் கைக்கொண்டுவிட்ட மலைகளில், எல்லாப் பறவைகளையும் ஓரினமாக எண்ணினால் ஒரு மலையின் இழப்பு வெறும் எண்ணிக்கைக் குறைவாகவே தோன்றும்; சரியாக இனங்கண்டால், அது வேறெங்கும் இல்லாத ஒரு மரபின் அழிவு என்பது விளங்கும். ஆதலின், இறகையும் குரலையும் குருதியையும் ஒருங்கே ஆராயும் இக்கலையே காட்டைக் காக்கும் பணிக்கு முதற்படியாகிறது.